அரிதாரம் கலைந்த பிறகு

அக்கா பையன் தர்மபுரியிலிருந்து போன் செய்தால் வழக்கமாக பணம் கேட்பான். அன்று கேட்டது நியாயம்.

"மாமா, பத்து வருஷமா காத்துக்கிட்டு இருக்கோம். மறுபடியும் தள்ளிப் போட்டுட்டானுங்க. இது மோசடி இல்லையா?"

ஏதோ சீட்டுக் கம்பெனி என்று பதறிவிட்டேன். விசாரித்தால், வீடியோ கேம்! 'ஜி.டி.ஏ.'வின் ஐந்தாம் பாகம் 2013-ல் வந்தது. ஆறாம் பாகத்தின் டிரெய்லர் 2023 டிசம்பரில் வெளியாகி, ஒரே நாளில் 9 கோடிக்கும் மேல் பார்வைகளை அள்ளியது. 2025 என்றார்கள். பிறகு 2026 மே என்றார்கள். 2025 நவம்பரில், அதையும் 2026 நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள்.

"நீ அட்வான்ஸ் கட்டினியாடா?"

"இல்ல மாமா."

பி.காம். படித்த புத்தி எனக்கு. பணம் கொடுக்காதவன் கடன்காரனை எப்படிக் கேட்பான்? ஆனால், யோசித்தால் அவன் கொடுத்ததும் ஒன்று உண்டு. ஒவ்வொரு டிரெய்லரையும் நூறு தடவை பார்த்து, ராத்திரி பூரா நண்பர்களோடு சண்டை போட்டு, அந்தக் கம்பெனியின் 'குட்வில்'லை ஏற்றிவிட்டதில் இவனுக்கும் பங்கு இருக்கிறதே. ஆதங்கம் நியாயம்தான்.

ஆனால், ஆதங்கம் எதுவரை போகலாம்?

2020-ல் 'சைபர்பங்க் 2077' என்ற கேம் தள்ளிப்போனபோது, உருவாக்கியவர்களுக்கே கொலை மிரட்டல் விட்டார்கள். டிசம்பரில் வெளியானது... அரைவேக்காடாக! சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. காசைத் திருப்பிக் கொடுத்தது. "ஏன் இன்னும் வரல?" என்று கத்தியவர்களே "ஏன் இப்படி வந்துச்சு?" என்றும் கத்தினார்கள்.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்சம் அமைதியானான். அப்புறம் அவனாகவே ஒரு விஷயத்தைச் சொன்னான். அதே 2020-ல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தின் நாயகன் ஜோயலை இதில் அபி என்ற பெண் அடித்தே கொன்றுவிடுவாள். இவன் வீட்டில் பிளேஸ்டேஷன் கிடையாது. யூடியூபில் யாரோ விளையாடுவதைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறான். அபிக்கு நடித்துக் குரல் கொடுத்தவர் லாரா பெய்லி. அவருக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. அந்த நாட்களில் இவனும் அந்தம்மாவைத் திட்டி ஒரு வரி எழுதினானாம்.

"என்ன எழுதினே?"

"வேணாம் மாமா."

எனக்குக் கோபம் வரவில்லை. பாட்டி ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் காலை படுகளம். திடலில் மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பாட்டி துடைப்பத்தால் அவனை விளாசுவாள். "பொம்பள மயிரைப் புடிச்சு இழுத்தியேடா, பாவி!" நிஜமான கோபம், நிஜமான கண்ணீர்! நான் பயந்து அம்மா முந்தானைக்குள் ஒளிவேன்.

அன்றே மத்தியானம், துரியோதனன் வேஷம் கட்டிய ஆள் எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார். காதோரம் அரிதாரம் இன்னும் போயிருக்காது. பாட்டி மோர் கொண்டுவந்து கொடுத்து, "ராத்திரியெல்லாம் முழிச்சே, தொண்டை கட்டிக்கிச்சாப்பா?" என்பாள்.

படிப்பு வாசனை இல்லாத பாட்டிக்கு வேஷம் எது, ஆள் எது என்று யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அவள் ஆத்திரத்தைக் கொட்டுவதற்கென்று ஊர்க்காரர்கள் மண்ணைக் குழைத்து ஓர் உருவம் செய்து வைத்திருந்தார்கள். என் பையனுக்கு அப்படியொரு மண் பொம்மை இல்லை. கையில் போன்தான் இருந்தது, எதிரே அந்த நடிகையின் பெயர் இருந்தது. ஆனால், லாரா பெய்லி வந்து உட்கார அவனுக்குத் திண்ணையும் இல்லையே.

பையனிடம் இதைச் சொன்னேன்.

"ஆயிரக்கணக்கான பேர் எழுதினாங்க மாமா. நான் எழுதின ஒரு வரியா அவங்களை பாதிச்சிருக்கும்?"

இந்தக் கேள்விதான் என்னை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. ஆளுக்கு ஒரு கல். எந்தக் கல்லில் ரத்தம் வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால், எறிந்த அத்தனை பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். கணக்குப் புத்தகத்தில் அப்படி விட மாட்டார்கள். லட்ச ரூபாய் வரவுக்கு நடுவே வந்த ஒரு ரூபாயையும் யார் பேரிலாவது எழுதியாக வேண்டும்.

மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். "அந்த வரியைத் தேடிப் பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா. அந்த அக்கவுண்ட்டே இப்ப இல்ல. அவங்க படிச்சிருப்பாங்களா?"

"தெரியலைடா."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. பிறகு, வழக்கம்போல பணம் கேட்டான்.