உடலும் ஒரு சாட்சி

"எனக்கு நலமில்லை" என்கிறார் நோயாளி. "எல்லாம் சரியாகவே உள்ளது" என்கிறது இரத்தப் பரிசோதனைத் தாள். இவ்விரண்டில் எதனை நம்புவது? இவ்வினா மருத்துவத்தைச் சார்ந்ததாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் அறத்தையும் சார்ந்ததே ஆகும். ஒருவர் தம் வேதனையைக் கூறும்போது அச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதன்றோ இதன் உட்பொருள்? பொதுப்படப் பேசுவதினும் ஒரு நோயை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். தைராய்டுச் சுரப்பியின் குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய மாத்திரையை நாள்தோறும் விழுங்குவோரில் நாமும் ஒருவர். எனவே இது நமக்கு வெறும் ஏட்டு வினா அன்று.

தொண்டையின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள சிறு சுரப்பி இது. இதன் சுரப்புக் குன்றினால் உடல் முழுதும் மந்தமுறும். 1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை இந்நோயால் நலிந்த பெண்மணி ஒருவருக்கு ஊசிவழிச் செலுத்தினார். அவர் தொடர்ந்து மருந்துண்டு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்க அறிஞர் எட்வர்ட் கெண்டல் அச்சுரப்பின் சாரத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். தைராக்சின் எனப்படும் அப்பொருளே இன்று மாத்திரையாகக் கிடைக்கிறது. அதன் அளவோ 25, 50, 100 மைக்ரோகிராம் என்னும் கணக்கில் அமைவது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறே மைக்ரோகிராம்.

மருந்து என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மிகுதி, குறைவு இரண்டையும் நோய்க்குக் காரணமாக வைத்தார் வள்ளுவர். அக்கருத்துக்கு இம்மாத்திரை கண்கூடான சான்று. குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல். மிகுந்தால் படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை. மிகுதி நீடிப்பின் முதியோர்க்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பும் மெலியும்.

சரியான அளவை அறிவது எங்ஙனம்? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி டி.எஸ்.எச். என்னும் தூதனை அனுப்பித் தைராய்டை ஏவுகிறது. தைராக்சின் குறைந்தால் ஏவல் ஓங்கும். மிகுந்தால் ஏவல் தணியும். இந்த ஏவலை அளந்தே மருத்துவர் மாத்திரையைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு எனக் கொள்வர். உடலில் சேர்ந்த மருந்தில் பாதி நீங்கவே ஒரு வாரம் ஆகும். ஆதலின் அளவை மாற்றிய பின் ஆறு வாரமேனும் பொறுத்தே மீண்டும் சோதிப்பர்.

எண் இயல்புக்குள் வந்துவிட்டது. ஆயினும் சோர்வு தீரவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன, முடி உதிர்கிறது, நினைவு மங்குகிறது. வழக்கு இங்கேதான் எழுகிறது. "எல்லாம் உம் மனப்பிரமை" என்று தாளை மடித்துக் கொடுக்கும் மருத்துவர் ஒருபுறம். "மருந்து போதவில்லை" என்று தாமே அரை மாத்திரையைக் கூட்டிக்கொள்ளும் நோயாளி மறுபுறம்.

ஃபிக்ஹு நூல்கள் சாட்சியத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளன. சாட்சி, தான் கண்டதையும் கேட்டதையும் கூறவேண்டும். தன் ஊகத்தைச் சாட்சியமாகக் கூறலாகாது. இவ்வளவுகோல் கொண்டு இரு சாட்சிகளையும் விசாரிப்போம்.

முதலில் எண். 2002 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர்கள் நலமுள்ள 16 ஆடவரின் இரத்தத்தை ஓராண்டுக் காலம் மாதந்தோறும் சோதித்து வெளியிட்டனர். ஒவ்வொருவரும் தமக்கே உரிய குறுகிய எல்லைக்குள் நின்றனர். அவ்வெல்லை பொது எல்லையில் ஏறத்தாழப் பாதியே. மனிதர் ஒவ்வொருவருக்கும் தமக்கே உரிய மிஸாஜ், அதாவது உடற்சமநிலை உண்டு என்று இப்னு ஸீனா தம் அல்கானூனில் கூறியதை இது நினைவூட்டுகிறது. ஆகவே இயல்பு என்று தாள் கூறுவது, "பலருக்கு உரிய எல்லைக்குள் இவர் உள்ளார்" என்பதே. "இவருக்கு வேதனை இல்லை" என்று அது கூறவில்லை. அதனை அது காணவும் இல்லை. முடி வளர்ச்சிக்காக உண்ணும் பயோட்டின் என்னும் வைட்டமின் சில பரிசோதனை முறைகளில் அவ்வெண்ணையே பிறழச் செய்வதும் உண்டு.

இனி உடல். 2018 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இம்மருந்து உண்ணும் 138 பேரில் சிலருக்கு அளவு கூட்டப்பட்டது, சிலருக்குக் குறைக்கப்பட்டது, சிலருக்கு மாற்றப்படவில்லை. எவருக்கு எது என்பது மறைக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்தும் தமக்கு நேர்ந்தது எது என்று அவர்களால் சரியாகக் கூற இயலவில்லை. ஆயினும், எந்த அளவை மிகுதி என்று நினைத்தார்களோ அதனையே விரும்பினர்! நாணயத்தளவாய்க் கண்ணுக்குத் தோன்றும் விண்மீன் கணக்கின்படி பூமியினும் பெரிதாதலைக் காட்டி, இமாம் கஸ்ஸாலி புலன்களை ஐயுற்றதும் இத்தகைய காரணம் பற்றியே.

இதனால் உடல் பொய்ச்சாட்சி ஆகிவிடுமோ? ஆகாது. "சோர்ந்திருக்கிறேன்" என்பது அது கண்டது. அதனை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. "தைராக்சின் போதவில்லை" என்பதோ அதன் ஊகம். அதே சோர்வு இரத்தசோகையாலும், பி12 வைட்டமின் குறைவாலும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதாலும், மனத்துயராலும் வரக்கூடும். மாத்திரையை இரும்பு, கால்சிய மாத்திரைகளுடன் சேர்த்து விழுங்கினாலும், விழுங்கியவுடன் காப்பி அருந்தினாலும் மருந்து உடலில் சரிவரச் சேராது. வெறும் வயிற்றில் உண்ணவேண்டிய மருந்தாதலின், நோன்பு நோற்போர் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு நேரத்தை வகுத்துக்கொள்வது நன்று.

ஆகவே மருத்துவரின் கடமை, எண் சரியென்று கண்டவுடன் விசாரணையை முடித்துவிடாமல், "அப்படியாயின் வேறு எது?" என்று தொடர்ந்து கேட்பது. நோயாளியின் கடமை, உண்ட நேரம், அளவு, தோன்றிய குறி, தோன்றிய நாள் ஆகியவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் குறித்துவைத்துச் சொல்வது; தீர்ப்பைத் தாமே எழுதிக்கொள்ளாமல் இருப்பது. வேதனையைச் சொல்பவரைப் பொய்யராக்குவது அவருக்கு இழைக்கும் அநீதி. வேதனைக்குக் காரணத்தை அவசரமாக முடிவு செய்வது உடலுக்கு இழைக்கும் அநீதி. இரண்டையும் தவிர்க்கப் பொறுமை வேண்டும். இம்மருந்தைப் பொறுத்தவரை அது ஒவ்வொரு முறையும் ஆறு வாரப் பொறுமை.