கையொப்பத்தின் கடன்

நிறுவனத்தின் பெயரில் வீடு எடுத்துக் குடியிருந்தவர், அந்நிறுவனம் நொடிந்த நாளில், செலுத்தாத வாடகைக்குத் தாமும் பொறுப்பாவாரா? சட்டத்தின் விடை தெளிவானது. நிறுவனத்தைச் சட்டம் தனி ஆளாகவே கருதுவதால், அதன் சார்பில் மட்டும் கையொப்பமிட்டவர் பொதுவாகத் தம் சொந்தப் பொருளிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். தாமே பிணை நின்றிருந்தால் நிலை வேறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் பிணையாளருக்கு உரியது. நிறுவனத்தின் நொடிப்புக்குத் தீர்வு கண்டுவிட்டதாலேயே பிணையாளர் விடுபட்டுவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2021இல் உறுதி செய்தது.

தொழிலில் தோற்றவரின் அடுப்பும் அணைந்துவிடக் கூடாது என்பதற்காகவே நிறுவனத்துக்கும் மனிதருக்கும் இடையே சட்டம் சுவர் எழுப்பியது. முயற்சி செய்வோரைக் காக்கும் அச்சுவர் அறமானதே. ஆயினும், கொடுக்க இயலாதென அறிந்தும் குடியிருந்துவிட்டு அதன் பின்னே ஒளிந்துகொள்பவர், வழக்கில் வென்றாலும் வாழ்வில் நம்பிக்கையை இழக்கிறார்.

கடனின் பெயரால் எதிர்த்திசையிலும் அநீதி நிகழ்ந்ததுண்டு. கல்வராயன் மலையின் எளிய மக்கள், நிலத்தை ஆண்ட ஜாகீர்தார்களின்கீழ்க் கட்டாய உழைப்பின் சுமையை அறிந்தவர்கள். தந்தை பெற்ற சிறு முன்பணத்துக்காக மகனும் உழைத்துத் தீர்க்க வேண்டியிருந்த கொடுமையை நாடெங்கும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கி, அக்கடன்களையும் நீக்கியது. தான் வாங்காத கடனுக்கு ஒருவனைப் பிணைப்பது அநீதி. தான் துய்த்த நிழலுக்குரிய விலையை மறுப்பதும் அநீதியே. அம்மலைக்கு அருகிலுள்ள கள்ளக்குறிச்சியில், மாடி வாடகையால் முதுமையைக் கழிக்கும் ஒருவருக்கு, நிலுவையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் மருந்தும் உணவுமாகும்.

ஆதலால், கையொப்பமிடுமுன் நிறுவனத்துக்காக மட்டும் இடுகிறோமா, நமக்காகவும் இடுகிறோமா என்பதை வரிக்கு வரி படித்தறிதல் முதற்கடமை. வருவாய் குன்றத் தொடங்கியதும் உரிமையாளரிடம் மறைக்காமல் சொல்லி, முன்பணம் தீருமுன் திறவுகோலை ஒப்படைத்தல் அடுத்த கடமை. பிணை நின்றவரோ, தவணை கேட்டாயினும் கொடுத்தே தீர வேண்டும். சட்டம் விடுவித்த கடனையும் இயன்றபோது தீர்ப்பவரின் சொல்லுக்கே, அடுத்த தலைமுறையிலும் ஊர் மதிப்பளிக்கும்.