முகம் தெரியாதவரிடம் பட்ட கடன்

வியாபாரிக்குக் கடன் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார், முகவரியும் கிடைக்கவில்லை என்பதற்காக, அவர் பெயரில் நிற்கும் தொகையைப் பேரேட்டில் அடித்துவிடலாமா? நாணயமுள்ள எவரும் அவ்வாறு செய்யத் துணியார். ஆயினும், எந்தப் பேரேட்டிலும் ஏறாத கடன் ஒன்று நம்மில் பலர் மீது இருக்கின்றது.

காலையில் கடை திறக்குமுன் நாம் விழுங்கும் மாத்திரையை எண்ணிப் பாருங்கள். அது நம் கைக்கு வருமுன், நம்மைப் போன்ற நோயாளிகள் பலர் அதைத் தம் உடலில் சோதிக்க இசைந்தனர். தமக்குப் பலன் கிட்டுமா என்று அறியாமலே இசைந்தனர். அவர்கள் எந்த நாட்டார், எந்த மொழியினர் என்பது நமக்குத் தெரியாது. மருந்துக் கடையில் நாம் கொடுத்தது மாத்திரைக்கு விலை. அவர்களுடைய துணிவுக்கு விலை அன்று.

இக்கடனைத் தீர்க்க வழி என்ன? இன்று ஒரு வழி திறந்திருக்கிறது. பல வியாதிகளை ஒருங்கே சுமந்து வாழ்வோரைப் பற்றிய ஆராய்ச்சியே அது.

மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் ஒரு வியாதியைத் தனியே எடுத்துக்கொண்டு நடந்தவை. முதியோரும் வேறு வியாதி உடையோரும் பலமுறை விலக்கப்பட்டனர். கணக்குத் தெளிவாக வரவேண்டும் என்பது ஆராய்ச்சியாளரின் நியாயம். ஆனால் நோயாளிகள் அவ்வளவு தெளிவாக வருவதில்லையே! ஸ்காட்லாந்தில் சுமார் 17 லட்சத்து 50 ஆயிரம் பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். 100க்கு 23 பேருக்கு இரண்டோ அதற்கு மேலோ நீடித்த வியாதிகள் இருந்தன. மிக வறிய பகுதிகளில் இந்நிலை 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வுப்படி, இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, இரத்தக் கொழுப்பு, உடற்பருமன் ஆகிய நான்கும் உடைய பெரியோர் 5 லட்சத்துக்கும் மேல்.

2005இல் அமெரிக்க மருத்துவர் சிலர் ஒரு கணக்குப் போட்டனர். ஐந்து வியாதிகள் கொண்ட 79 வயது மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்து, ஒவ்வொரு வியாதிக்கும் உரிய விதிகளை அப்படியே பின்பற்றிப் பார்த்தனர். 12 மருந்துகள், மாதம் 406 டாலர் செலவு என்று முடிந்தது. ஒன்றுக்கு நன்மை செய்வது மற்றொன்றுக்குத் தீங்காகவும் கூடும். ஐந்து கணக்கப்பிள்ளைகள் ஐந்து ஏடுகள் எழுத, ஐந்தொகை போட ஒருவரும் இல்லாத கடை எப்படி நடக்கும்?

“என் வியாதி வெளியே தெரிந்தால், கடனுக்குச் சரக்குத் தருபவர் தயங்குவார், சம்பந்தம் பேச வந்தவர் பின்வாங்குவார்” என்று சிலர் அஞ்சுவர். இவ்வச்சத்தை எள்ளி நகையாடுவது முறையன்று. நம் மருத்துவக் குறிப்பு பிறரிடம் ஒப்படைக்கும் அமானிதம். பெயரை மறைப்பீர்களா, யார் யார் பார்ப்பர், வேண்டாமென்றால் இடையில் விலகலாமா என்று கேட்டுத் தெளிந்த பின்னரே இசைய வேண்டும். தக்க விடை தராதவருக்கு மறுத்துவிடுவதில் குற்றமில்லை.

முன்னரே பாரம் சுமக்கும் நோயாளியிடம் இன்னும் கேட்பது நியாயமா என்ற வினாவும் எழும். நியாயமான வினாவே. ஆகவே முதற்பொறுப்பு நோயற்றவருடையது. கட்டடத்துக்கு நன்கொடை அளித்தால் கல்லில் பெயர் பொறிப்பர். ஆராய்ச்சிக்கு அளித்தால் பெரும்பாலும் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஆயினும் அளிக்கலாம். நம் கடைச் சிப்பந்தி ஆராய்ச்சிக்காக அரைநாள் மருத்துவமனை செல்ல விரும்பினால், சம்பளம் பிடிக்காமல் அனுப்பலாம். அவ்வரைநாளும் கடன் தீர்த்த கணக்கில் சேரும்.

நமக்குக் கடன் கொடுத்தவரை இனித் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. நமக்குப் பின் அதே மாத்திரையை விழுங்கப் போகிறவரும் முகம் தெரியாதவரே. கடனை அவரிடம் செலுத்துவோம்.