போர்த்திறனும் வீரமும்

இரு நாடுகளின் சிறப்புப் படைகளை எதிரெதிரே நிறுத்தி அவற்றுள் எது மேலானது என வினவுவது, போர் வரலாறு கற்போரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இவ்வினாவுக்குக் கணக்கின் வழியாக விடைகாண முயன்றோரும் உளர். அமெரிக்க ஆய்வாளரான திறெவர் டுப்புயி, இத்தாலியிலும் வடமேற்கு ஐரோப்பாவிலும் 1943, 1944ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த மோதல்களை ஆராய்ந்து, ஜேர்மன் தரைப்படையினர் தாம் அடைந்த சேதத்திலும் ஏறத்தாழ 50 வீதம் கூடுதலான சேதத்தை எதிரிக்கு விளைவித்தனர் என்ற முடிவுக்கு வந்தார். இத்தகைய ஒப்பீடுகள் உண்மையில் எதனை அளக்கின்றன? அளந்து பெற்ற மேன்மை புகழ்ச்சிக்கு உரியதாகுமா? இவ்விரு வினாக்களையும் ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜேர்மன் பரசூட் படையினரும் நியூசிலாந்துப் படையினரும் இரண்டாம் உலகப் போரில் எதிர்நின்ற மோதல்களுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கன. முதலாவது 1941 மே 20ஆம் நாள் கிறீற் தீவில். வானிலிருந்து இறங்கிய ஜேர்மனியருட் பலர் கைத்துப்பாக்கியுடனும் எறிகுண்டுகளுடனுமே குதித்தனர். அவர்களின் துப்பாக்கிகள் வேறு பெட்டிகளில் தனியே இறக்கப்பட்டன. நிலத்தை அடையுமுன்னரே பலர் மாண்டனர். எனினும் மாலெமே விமானத்தளத்தை நோக்கி நின்ற 107ஆம் குன்றிலிருந்து நியூசிலாந்துப் பட்டாலியன் அன்றிரவு பின்வாங்கிற்று. வானொலித் தொடர்பு அறுந்தமையால், தன் முன்னணிக் கொம்பனிகள் இன்னும் நிலைத்து நிற்பதை அதன் தளபதி அறிந்திலர். மறுநாள் அத்தளத்தில் விமானங்கள் மலைப்படையினரைக் கொணர்ந்து இறக்கின. ஜூன் தொடக்கத்தில் தீவு வீழ்ந்தது. ஜேர்மனியருள் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 4,000 பேர். வென்ற ஹிட்லர் அத்தகைய பெரும் வான்வழித் தாக்குதலை மீண்டும் மேற்கொள்ளவில்லை. தோற்ற நேச நாடுகளோ அம்முறையைக் கற்றுத் தம் பரசூட் படைகளைப் பெருக்கின. ஒரே நிகழ்ச்சி வென்றவனுக்கு எச்சரிக்கையாகவும் தோற்றவனுக்கு முன்மாதிரியாகவும் அமைந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இரண்டாவது 1944 மார்ச்சில், இத்தாலியின் கசினோ நகரில். குண்டுவீச்சால் தரைமட்டமாக்கப்பட்ட அந்நகரில் நியூசிலாந்தினர் தாக்கினர்; பரசூட் படையினர் காத்தனர். இடிபாடுகளே டாங்கிகளைத் தடுத்தன. மலையுச்சி காப்போர் வசமிருந்தது. தாக்குதல் கைவிடப்பட்டது. முதலாவதில் அறுந்த ஒரு தொடர்பும் இரண்டாவதில் குவிந்த கற்களும் முடிவைப் பெரிதும் நிர்ணயித்தனவெனின், 'எப்படை சிறந்தது' என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடையில் படைக்கு உரிய பங்கு எவ்வளவு, நிலத்துக்கும் தற்செயலுக்கும் உரிய பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. ஆயினும் பயிற்சி, ஒருங்கிணைவு, கட்டளைக்கு விரைந்து பணிதல் ஆகியவற்றில் படைகள் வேறுபடுகின்றன என்பதை மறுத்தல் பொருந்தாது. அளவை குறையுடையதாயினும் அளக்கப்படும் பொருள் பொய்யன்று.

இரண்டாம் வினாவே கடினமானது. திறன் இருபுறமும் செல்லவல்லது. நோயை நீக்கும் மருத்துவ அறிவே நஞ்சூட்டவும் வல்லது, அறமோ அத்தகையதன்று. இவ்வேறுபாட்டைக் கிரேக்க மெய்யியலாளர் நன்கு உணர்ந்திருந்தனர். வீரம் யாதெனத் தளபதிகளிடம் சோக்கிரதர் வினவுவதாகப் பிளேட்டோ எழுதிய 'லாக்கீஸ்' என்னும் உரையாடல், போரில் பழகியோராலும் வீரத்தை வரையறுக்க இயலாமல் முடிவது சிந்திக்கத்தக்கது.

கிறீற் தீவுக்கு மீள்வோம். பரசூட் படையினரை எதிர்த்து அத்தீவின் கிராமத்தவரும் போரிட்டனர். அதற்குப் பழிவாங்குமாறு ஜேர்மன் தளபதி ஸ்ருடென்ற் கட்டளையிட்டார். ஜூன் 2ஆம் நாள் மாலெமேயை அடுத்த கொண்டொமாரிக் கிராமத்து ஆடவர் ஒலிவத் தோப்பொன்றில் நிறுத்திச் சுடப்பட்டனர். சுட்டவர்கள் மாலெமேயில் போரிட்ட அதே றெஜிமெந்தினர். அவர்களுக்குத் தலைமைதாங்கிய அதிகாரி அடுத்த மாதமே உயர்ந்த வீரவிருது பெற்றார்.

கருவியை மட்டுமே மதிப்பிடுகின்றோம், அது பயன்பட்ட நோக்கத்தையன்று எனப் போரியலார் விடையிறுப்பர். ஆய்வின் எல்லைக்குள் அப்பிரிவினை ஏற்கத்தக்கதே. எதிரியின் ஆற்றலை அறியாத அரசு தன் மக்களைக் காக்கமாட்டாது. ஆனால் கொண்டொமாரியில் நிகழ்ந்தது ஒழுங்கு குலைந்த கும்பலின் செயலன்று. விரைந்து பணிதல், ஒருங்கு செயற்படல், மாண்ட தோழர்மீது பற்று என எக்குணங்கள் குன்றைக் கைப்பற்ற உதவினவோ, அவையே தோப்பிலும் தொழிற்பட்டன. திறனை அளக்கும் கோல் இவ்விரு செயல்களையும் வேறுபடுத்த வல்லதன்று. ஆகவே அக்கோலால் பெற்ற முடிவுக்கு வீரம், மாட்சி, பெருமை என்னும் சொற்களைச் சூட்டும்போது, அது அளக்காத ஒன்றை அளந்ததாகக் கூறுகின்றோம்.

வள்ளுவர் படைச்செருக்கைப் பாடுமிடத்தே, பகைக்கு அஞ்சாத கடுமையைப் பேராண்மையெனக் கொண்டு, அப்பகைவர்க்கு இடர் நேர்ந்தபோது இரங்கி உதவுதலை அதன் கூர்மையென்றார். இரக்கத்தை வீரத்துக்குப் புறம்பானதொரு அணியாக அவர் கருதவில்லை. அஃதின்றேல் படைக்கலம் மழுங்கியதே என்பது அவர் கருத்து. படைகளின் திறனை ஒப்பிடுவோர் ஒப்பிடுக. எனினும் பட்டியலின் முதலிடத்தில் நிற்கும் படையை வீரப்படையென அழைக்குமுன், ஆயுதமற்றவன் முன் அது எவ்வாறு நின்றது என்பதையும் வினவுதல் கற்றோர் கடனாகும்.