சதுப்பில் முளைக்கும் கூரை

நீலகிரிப் பழங்குடியான தோடரின் வீட்டுக்குள் நிமிர்ந்து போக முடியாது. வாசல் 3 அடி உயரம், 3 அடி அகலம். பெரியவர், விருந்தாளி, யாரானாலும் தவழ்ந்துதான் போக வேண்டும். காட்டு விலங்குக்கு அஞ்சி இப்படி வைத்தார்கள் என்பார்கள். குளிருக்கு என்றும் சொல்லலாம். நீலகிரி மேட்டுநிலம் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்கழி, தையில் உறைபனி விழும். உள்ளிருந்து ஒரு பலகையைத் தள்ளினால் வாசல் அடைபட்டுவிடும். சன்னல் கிடையாது.

உள்ளே போனபின் நிற்கலாம். நடுவில் 10 அடி உயரம். நீளம் 18 அடி, அகலம் 9 அடி. படுக்க மேடான மண் திண்ணை, சமைக்க அடுப்பு. தரையிலேயே ஒரு குழி, தானியம் குத்த. புகைக்கென்று தனி வழி இல்லை. அது கூரைப் புல்லின் ஊடே கசிந்து வெளியேறும்.

*

இந்த வீட்டில் சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தடித்த மூங்கிலை வில்லாக வளைத்து நிறுத்துகிறார்கள். அதன்மேல் மெல்லிய கழிகளை நெருக்கமாக வரிசை கட்டி, பிரம்பால் இறுக்குகிறார்கள். பிறகு புல், அடுக்கடுக்காக, தரையைத் தொடும் வரை. கூண்டு வண்டியின் கூண்டை மட்டும் இறக்கித் தரையில் வைத்ததுபோல் இருக்கும். முன்னும் பின்னும்தான் சுவர் என்று ஒன்று உண்டு: பலகை, அல்லது கொத்திய கல். சரிவான கூரைக்குத் தனிக் கணக்கு, சுவருக்குத் தனிக் கணக்கு என்று பழகிய நமக்கு, வளைவு ஒன்றே இரண்டு வேலையையும் பார்ப்பது வியப்பு. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முட்டிக்கொள்ள அங்கே நெடுஞ்சுவர் கிடைப்பதில்லை.

*

மந்து என்பது தோடர் குடியிருப்பு. ஒரு மந்து என்றால் சில வீடுகள், எருமைகளை இரவில் அடைக்கும் பட்டி, கன்றுகளுக்கு ஒரு கொட்டில், ஓடைத் தண்ணீர், சுற்றிலும் மேய்ச்சல். வீடுகளிலிருந்து சற்றே தள்ளி, கல்சுவர் சூழ, இன்னொரு கட்டடம். வடிவம் பெரும்பாலும் வீட்டைப் போலவேதான். அங்கே குடும்பம் இல்லை. புனித எருமைகளின் பாலைக் கடைந்து மோரும் வெண்ணெயும் எடுக்கும் பால்கோயில் அது. உள்ளறையில் பாத்திரங்கள், அங்கே நுழையும் உரிமை பூசாரிக்கு மட்டும். பெண்களுக்கு அனுமதி இல்லை. இந்த ஒதுக்கத்தை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனிதர் வாழவும் பால் வாழவும் ஒரே வடிவத்தைக் கொடுத்த சமூகம் என்பது மனதை விட்டு அகலவில்லை. விளக்கேற்றுவதும் கறப்பதும் கடைவதும் அவர்களிடம் ஒரே வழிபாட்டின் பகுதிகள். கோயிலுக்கும் பட்டிக்கும் மலை உச்சிக்கும், வேண்டுதலில் மட்டும் சொல்லும் தனிப் பெயர்கள் உண்டு.

கோடையில் புல் காய்ந்தால், மேற்கே ஈரம் மிகுந்த மலைப்பக்கத்து மந்துகளுக்கு எருமைகளோடு போவது பழைய வழக்கம். அப்போது இங்கே வீடு பூட்டிக் கிடக்கும். ஆளில்லையே என்று அதைக் கைவிட்ட வீடாக யாரும் எண்ணியதில்லை. பின்னாளில் வந்த நில அளவைக்குத்தான் அது புரியவில்லை.

*

உதகையில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல்பங்களா இன்று அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நிலம் தோடர்களுடையது. நீலகிரி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இரண்டும் காக்க வேண்டியவைதாம். கல்லும் இரும்பும் தம் வயதைத் தாமே காட்டிவிடும், சிரமமில்லை.

தோடர் வீடு அப்படிக் காட்டாது. சில ஆண்டுகளுக்கொருமுறை வேய்ந்தாக வேண்டிய கூரையில் பழைய புல் ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூலின் படங்களில் உள்ள வளைவைத்தான் இன்றும் வளைக்கிறார்கள். பழமை பொருளில் இல்லை. வளைக்கும் கையில் இருக்கிறது. கைக்குப் பட்டா கொடுக்க முடியாது என்பதால் நம் பாரம்பரியப் பட்டியல்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

*

புல்லைப் பற்றிக் கொஞ்சம். கோயிலுக்கு வேயும் புல்லைத் தோடர்கள் ‘அவ்ஃபுள்’ என்கிறார்கள். தாவரவியலில் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி. நீலகிரிக்கே உரியது, வேறெங்கும் இயல்பாக வளர்வதில்லை. மேட்டுப் புல்வெளியில் தேடினால் கிடைக்காது. இரண்டு குன்றுகளுக்கிடையே நீர் தேங்கும் சதுப்பில்தான் நிற்கும்.

அந்தச் சதுப்புகளுக்கு என்ன ஆனது? வடிகால் வெட்டி உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டோம். புல்வெளியில் சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன் நட்டோம். புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்த கோப்புகளின் விளைவு அது. தேயிலை தனிக்கதை. குந்தா மின்திட்டத்துக்கு எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி அணைகள் எழுந்தபோது பள்ளத்தாக்குகள் நீருக்குள் போயின. மூங்கிலும் பிரம்பும் மேட்டுநிலத்துச் சரக்கல்ல. சரிவுக் காடுகளில் இறங்கி எடுத்து வர வேண்டும், இப்போது அதற்கு அனுமதியும் வேண்டும்.

ஆகவே ஒரு வீட்டைப் பார்த்தால் சதுப்பு, சரிவுக்காடு, மேய்ச்சல், மூன்றும் தெரியும். ஒன்று குறைந்தாலும் வளைவு நிற்காது.

*

பெரும்பாலான தோடர் குடும்பங்கள் இன்று ஓட்டு வீட்டிலோ கான்கிரீட் வீட்டிலோ இருக்கின்றன. குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. பிள்ளை படிக்க வெளிச்சம் வேண்டும். முதியவர் எத்தனை நாள் தவழ்வார்? தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்தில் படம் எடுத்துக்கொண்டு, ‘ஏன் இதில் குடியிருக்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று வருந்தும் சுற்றுலாப் பயணிக்கு அறையில் ஹீட்டர் காத்திருக்கும்.

கோயிலை மட்டும் அவர்கள் விடவில்லை. முத்தநாடு மந்தில் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் மூன்போ கோயிலுக்குக் கான்கிரீட் கூரை போட யாரும் நினைக்கவில்லை. பல மந்துகளின் ஆண்கள் மார்கழி, தைக் குளிரில் மொற்பர்த் திருவிழாவுக்கு அங்கே கூடுகிறார்கள். கூரை பழுதானால் புல் அறுத்து வந்து அவர்களே வேய்கிறார்கள். ஏறத்தாழ 2,000 பேரே உள்ள ஒரு சமூகம் சம்பளமில்லாமல் செய்துவரும் பராமரிப்பு இது.

இதைக் காக்க விரும்பும் அரசு கட்டடத்துக்கு வேலி போடுவதைவிட, சதுப்பில் வேர்விட்ட சீகையைப் பிடுங்கலாம். பிரம்பு எடுக்க எளிதான அனுமதி தரலாம். எருமை மேயப் புல்வெளி விடலாம். மூன்றும் மூன்று மேசைகளில் கிடக்கும் கோப்புகள். எதன் அட்டையிலும் ‘கட்டடக்கலை’ என்று எழுதியிருக்காது.