எது தேயோணும்?

லேத்துக்காரர் கோபமாகச் சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஸ்டீல்லயே போட்டுட்டா மறுபடி தேயாதுங்களே?" என்று கேட்டேன். "புஷ்ஷு தேயலைன்னா பின்னு தேயுமுங்க. எது தேயோணும்னு நீங்களே சொல்லுங்க" என்றவர், கன்மெட்டல் துண்டைச் சக்கில் மாட்டிக் கடைசலைத் தொடங்கிவிட்டார். வேலை முடிந்து காசு கொடுத்து வந்தாயிற்று, வண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விதான் இன்னும் பைசல் ஆகவில்லை.

வண்டி 1984 மாடல் புல்லட். திருவொற்றியூரில் செய்தது, மாமனார் ஓட்டியது, இப்போது கோவையில் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் நிற்பது. எஞ்சின் மேல்பாகத்திலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு தட்டல். டேப்பெட் இல்லை என்று உறுதியானதும் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினேன். கிராங்க் கேஸ் வாயில் பழைய வேட்டித் துணியை அடைத்தேன். ஒரு சர்க்ளிப் உள்ளே விழுந்தால் அன்றைய ஞாயிறு அதோடு போச்சு. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் பின்னைத் தள்ளி எடுத்தபோது குற்றவாளி தெரிந்தது. ராடின் சிறிய முனையில் இருக்கும் புஷ். கண்ணுக்கு ஓட்டை வட்டமாகத்தான் இருந்தது. நகத்தை உள்ளே விட்டுச் சுற்றினால், கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் மெல்லிய படி ஒன்று தட்டுப்பட்டது.

அந்தப் படி. என்னால் அதை விட முடியவில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் அந்த இடத்தில் பின் நொடிக்கு 50 முறை ஆடித் திரும்புகிறது. எத்தனையோ வருட ஆட்டம் அது. ஆனால் பின்னைப் பார்த்தால் கீறல்கூட இல்லை, வாங்கிய அன்றிருந்த மினுமினுப்பு. மேல்தோலை மட்டும் கெட்டிப்படுத்திய எஃகு அது. ராடில் இருந்த புஷ்ஷோ, மங்கிய மஞ்சளாக, ஒரு பக்கம் மட்டும் மெலிந்து கிடந்தது. லேத்துக்காரர் சொன்னதில் தொழில் தவறு எதுவும் இல்லை. எஃகின்மேல் எஃகு உரசினால் எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒன்று இளகியதாக இருக்க வேண்டும். சரி. எது இளகியதாக இருப்பது என்பதை யார் முடிவு செய்தார்கள்? விலை குறைந்தது எதுவோ, கழற்றி மாற்றச் சுலபமானது எதுவோ, அது.

இங்கேதான் எனக்கு உறுத்தல். எங்கள் பெரியப்பா வீட்டில் பெரியம்மாதான் புஷ். எல்லோரும் சொல்லுவது: "அந்த மனுசனோட இத்தனை வருசம் அவ இருந்ததே பெருசு." பெரியப்பா பேச்சில் கடுமை, பெரியம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வீடு சத்தமில்லாமல் ஓடியது. சத்தமில்லாமல் ஓடும் வீட்டை நல்ல குடும்பம் என்போம். கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு அங்கேதான் போவோம். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று ஒருவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். 1955-இல் இதே கோவையில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டர் செய்ய ஆரம்பித்துவிட்டார், ஆனாலும் பெரியம்மா வீட்டில் அம்மிக்கு வேலை ஓயவில்லை. அரைத்து அரைத்து வழவழத்துப்போன கல்லில் தேங்காய் வழுக்கும். கொத்த வந்தவர் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். தேய்ந்ததைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் கல்லைப் பெயர்த்தெடுக்கிறார் என்பது அப்போதே வேடிக்கையாக இருந்தது. சிலிண்டர் போரிங்கும் அப்படித்தானே: தேய்ந்த சுவரை மேலும் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவது. கொத்திய மறுநாள் முதல் அரைப்பைப் பெரியம்மா கொட்டிவிடுவார், கல்பொடி இருக்கும் என்று. இருந்தும் அந்த வாரம் முழுக்கத் துவையலில் எங்கோ ஒரு நறநறப்பு. பெரியப்பா தட்டைத் தள்ளுவார். பெரியம்மா அதே துவையலைத் தான் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

அந்த நறநறப்பு இன்னொன்றை நினைவுபடுத்துகிறது. எப்போதோ ஒரு பழைய எந்திரவியல் புத்தகத்தில் பாதி படித்து வைத்தது. 1839-இல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கப் பொற்கொல்லர், தகரம், ஆன்டிமனி, செம்பு கலந்து ஓர் இளகிய உலோகத்தைப் பேரிங்குகளுக்காகக் கண்டுபிடித்தார். அதன் அருமை தேய்வதில் மட்டும் இல்லை. எண்ணெயில் வரும் தூசியும் துகளும் அதில் புதைந்துபோகும், தண்டில் கீறல் விழாது. படித்தபோது உருக்கமாக இருந்தது. தொடர்ந்து படித்திருந்தால் உருக்கம் குறைந்திருக்கும். இளகிய உலோகத்தில் கடினத் துகள் புதைந்து அங்கேயே தங்கிவிட்டால், பிறகு அதுவே அரமாகிவிடுகிறதாம். கடினமான தண்டை மெல்ல மெல்ல அது அறுக்கும். கண்ணாடி வில்லையைத் தேய்த்து மெருகேற்றுவதும் எஃகைத் துல்லியமாக மட்டமாக்குவதும் இந்த வித்தையால்தான்: இளகிய தட்டில் துகளைப் பதித்து, கடினமானதை அதன்மேல் தேய்ப்பது. அங்கே அதிகம் தேய்வது கடினமானதுதான்.

பெரியப்பாவின் கடைசிக் காலத்தை இதற்குப் பிறகு வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். பேச்சு குறைந்து, ஆள் பாதியாகி, சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பெரியம்மா சோறு போடுவார், மாத்திரை கொடுப்பார், கேட்டதற்குப் பதில் சொல்லுவார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அத்தனை வருடம் விழுங்கியது எங்கே போயிருக்கும்? வயசானால் எல்லோரும் அப்படித்தான் ஆவார்கள் என்றும் சொல்லலாம். உலோகத்தை வைத்து மனிதர்களுக்கு நியாயம் பார்ப்பதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை; புஷ் தேய்ந்தால் வேறு புஷ் வரும்.

புது புஷ்ஷை உள்ளே ஏற்ற ஒரு நீள போல்ட், நட், பொருத்தமான சாக்கெட் போதும். நட்டை முறுக்க முறுக்க ஒரு பக்கம் புதியது நுழையும், மறுபக்கம் பழையது வெளியேறும். எண்ணெய்த் துளை நேராக வர வேண்டும், அதுதான் முக்கியம். பிறகு ரீமரை ஒரே திசையில் சுற்றி, பின்னை எண்ணெயில் நனைத்துப் பார்க்க வேண்டும். தன் எடையிலேயே நழுவி விழுந்தால் தளர்ச்சி. கட்டைவிரலால் தள்ளினால் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இடத்தைக் கையால்தான் அறிய முடியும்.

பின்னையும் புஷ்ஷையும் மேசையில் வைத்து, எது தேயோணும் என்று நான் சொல்லிவிடுவேன். விலை தெரியும், கூலி தெரியும். பெரியப்பா வீட்டில் எது தேய்ந்தது என்றே எனக்குப் பிடிபடவில்லை. பெரியம்மாவின் மகளிடம் ஒரு கணக்கு இருக்கிறது, மகனிடம் வேறொரு கணக்கு. இருவரும் ஒரே தட்டுத் துவையலைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். இரண்டையும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது இரண்டுமே சரியென்றுதான் படுகிறது.