நட்சத்திரங்களும் உரையளவையும்

பொரளைக் கனத்தையைக் கடந்து சுதந்திரச் சதுக்கத்தின் பக்கமாகச் செல்வோர் இலங்கை வானொலி நிலையத்தைக் காண்பர். 1952ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிலையத்து ஒலிபரப்பிலே தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’, இந்தித் திரைப்பாடல்களை அவற்றின் செல்வாக்குக்கு ஏற்ப வரிசைப்படுத்தி இந்தியா முழுவதையும் கேட்கச் செய்தது. நடத்தியவர் அமீன் சயானி. வரிசைக்கு ஆதாரமாயிருந்தவை இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் வாக்குமாகும். விற்பனையை மட்டுமே நம்பின், கடையிலே தட்டுத் தீர்ந்துபோன பாடல் விரும்பப்பட்டும் பின்தங்கும். வாக்கை மட்டுமே நம்பின், மன்றம் அமைத்துக் கடிதம் வரையும் ஊக்கமுடையோரின் சுவையே நாட்டின் சுவையாகிவிடும்.

இணைய இசையங்காடிகளில் ஒவ்வொரு பாடலின் கீழும் ஒளிரும் நட்சத்திரங்களும் இத்தகைய ஐயத்துக்கு இடமளிப்பனவே. ஐந்துக்கு நாலரை என்று ஒரு சராசரி காட்டப்படுகின்றது. அதனை நம்பிப் பணம் கொடுப்பவர் எதனை நம்புகின்றார்?

சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனையும் அளவைகளாகக் கொள்ளும். பாடலைத் தானே கேட்டல் காண்டலின் பாற்படும். நட்சத்திரமோ உரையின் இடத்தில் நின்று நம்மை அழைக்கின்றது. உரை அளவையாவதற்கு உரைப்பவன் ஆப்தனாயிருத்தல் வேண்டும் என்பர் நையாயிகர். ஆப்தன் பொருளை நேரே அறிந்தவன். அறிந்தவாறே சொல்ல விரும்புபவன். இவ்விரண்டாம் இலக்கணம் பிழைப்பதையே யாவரும் பேசுவர். இசைத்தட்டும் நூலும் விற்கும் அமேசன் நிறுவனத்தின் கனடாத் தளத்தில் 2004ஆம் ஆண்டு நேர்ந்த கோளாறொன்றினால், புனைபெயரில் நூல் மதிப்புரை எழுதியோரின் இயற்பெயர்கள் வெளிப்பட்டன. தம் நூலைத் தாமே புகழ்ந்திருந்த எழுத்தாளரும் அவர்களுள் இருந்தனர். இது வெறும் பொய். நாணத்தக்கதேயன்றி ஆராய்தற்கு அரியதன்று.

முதலாம் இலக்கணம் பிழைப்பதே நுட்பமானது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சால்கனிக், டொட்ஸ், வாட்ஸ் ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே 14,341 பேர் பங்குபற்றினர். அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள் இணையத்தில் வைக்கப்பட்டன. கேட்டோர் நட்சத்திரம் இட்டு, விரும்பினால் பாடலைப் பதிவிறக்கலாம். ஒரு சாரார் தனித்துக் கேட்டனர். ஏனையோர் எட்டு உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகில் முன்னையோர் எதனை எத்தனை முறை பதிவிறக்கினர் என்பதைக் கண்டவாறு கேட்டனர். ‘லொக்டவுன்’ என்ற பாடல் தனித்துக் கேட்டோரிடம் 26ஆம் இடம் பெற்றது. அதுவே ஓர் உலகில் முதலாவதாயிற்று. மற்றோர் உலகில் 40ஆவதாயிற்று! மிகச் சிறந்தவை கீழே வீழ்தலும் மிகத் தாழ்ந்தவை மேலே எழுதலும் அரிது. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரலாம்.

இங்கு எவரும் பொய் உரைத்தாரல்லர். ஆயினும் அவர் செவிக்கு முன் பிறர் தீர்ப்புப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயிரம் பேர் கூறினர் என்று நாம் எண்ணுகின்றோம். முதலிற் கேட்ட சிலரின் கூற்றை ஏனையோர் எதிரொலித்திருத்தலும் கூடும். சாட்சியின் நேர்மை மட்டும் சாட்சியத்துக்குப் போதாது என்பதை நீதிமன்றம் நெடுநாளாக அறியும். அதனாலேயே ஒரு சாட்சி சொல்லும்போது மற்றவரை வெளியே நிறுத்துகின்றது. இசையங்காடியோ எல்லாச் சாட்சிகளையும் ஒரே அறையில் இருத்தி, முன்னவர் சொன்னதைச் சுவரிலும் எழுதிவைக்கின்றது. இதனால் இழப்பவர் யார்? முதல் நாளில் நண்பர் பத்துப்பேரைத் திரட்ட இயலாத புதிய பாடகர். அவர் பாடல் இடைத்தரமானதாயின் வரிசையின் அடியிலேயே கிடக்கும். அது நீதியான தீர்ப்பா என எவரும் வினவார். தாமாகக் கேளாமல் நட்சத்திரம் இட்டவருக்கு அவ்விழப்பிற் பங்கில்லை எனக் கூறுதல் அரிது. வரிசையை அமைத்து விற்பவருக்கோ பெரும்பங்கு உண்டு.

2008ஆம் ஆண்டில் வெளிவந்த தொடராய்விலே சால்கனிக்கும் வாட்சும் வரிசையை வேண்டுமென்றே தலைகீழாக்கினர். பொய்யாக மேலேற்றப்பட்ட பாடல்கள் சில உண்மையாகவே செல்வாக்குப் பெற்றன. தலைசிறந்தவை காலப்போக்கில் மீண்டும் மேலெழுந்தன. ஆனால் வரிசை திரிக்கப்பட்ட உலகங்களில் மக்கள் பதிவிறக்கிய பாடல்களின் மொத்தத் தொகையே குறைந்துவிட்டது.